பறக்கும் அந்து துணியைத் தின்பதில்லை

கேள்வி இதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீடு. மாமனாரின் உல்லன் ஸ்வெட்டரில் ஏழெட்டு ஓட்டைகள். கல்யாணப் பட்டுப்புடவை மடிப்பு வழியே கீறியிருக்கிறது. பருத்தி நைட்டியிலும் சட்டையிலும் பொடி ஓட்டைகள். சுவரில் சாம்பல் நிற விதை போல ஏதோ ஒட்டிக்கொண்டு மெல்ல நகர்கிறது. இரவில் சமையலறை டியூப்லைட்டைச் சுற்றிச் சின்ன அந்துப்பூச்சிகள் பறக்கின்றன. பீரோ முழுக்க அந்துருண்டை போட்டும் பயனில்லை. வீட்டில் பிறந்து ஐந்து வாரமான குழந்தை இருக்கிறது. "இது எந்தப் பூச்சி, எப்படி ஒழிப்பது?" என்று அந்த வீட்டு மருமகள் கேட்டிருக்கிறார்.

பூச்சியைப் பிறகு பார்க்கலாம் அம்மா. முதலில் அந்த அந்துருண்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். குழந்தையின் துணி, போர்வை, தொட்டில் கட்டும் சேலை ஏதாவது அந்தப் பீரோவில் இருந்திருந்தால், துவைத்து வெயிலில் காயப்போட்டு, வாடை முழுவதும் போன பிறகுதான் குழந்தையிடம் கொண்டுபோக வேண்டும்.

அந்துருண்டை பெரும்பாலும் நாஃப்தலீன். அது கரைந்து காற்றில் கலந்து மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகிறது. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பார்த்தால் மற்ற குழந்தைகளைப் போலத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை கடுமையாகும். அந்துருண்டை வைத்த பெட்டியிலிருந்து எடுத்த துணியில் சுற்றப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்தது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால், சிறுநீர் கறுத்துப் போனால், வெளிறிப்போய்ப் பால் குடிக்கச் சுணங்கினால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. போகும்போது "வீட்டில் அந்துருண்டை போட்டிருந்தோம்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து மளிகைக் கடைகளில் அந்துருண்டைக்கு ரசக்கற்பூரம் என்றும் பெயர் சொல்கிறார்கள். சித்த மருத்துவத்தில் அந்தப் பெயர் பாதரசச் சரக்கு ஒன்றுக்கு உரியது. பொங்கலில் போடுகிறோமே, அது பச்சைக்கற்பூரம். பூஜைக்கு ஏற்றுவது சூடம். எல்லாமே வெள்ளை, எல்லாமே வாடை அடிக்கும், எல்லாமே கற்பூரம் என்ற சொல்லோடு புழங்குகின்றன. தவழத் தொடங்கும் குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பெயர்க் குழப்பம் ஆபத்தானது. வெள்ளை உருண்டை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய்.

இனிப் பூச்சிக்கு வருவோம்.

"எந்தப் பூச்சி" என்று ஒருமையில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் குறைந்தது மூன்று நான்கு உயிர்கள் தெரிகின்றன. பூச்சியே காரணமல்லாத சேதமும் அவற்றுக்கிடையே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக உருண்டையைப் போட்டதால்தான் எதற்கும் அது பலிக்கவில்லை. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, என்னிடம் அதிகம் பேர் கொண்டுவந்த கேள்வி பாம்பைப் பற்றியது அல்ல, பீரோவைப் பற்றியதுதான். ஓட்டை விழுந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். நான் முதலில் கேட்பது: இந்தத் துணி எதனால் ஆனது? இரண்டாவது கேள்வி: தின்றது போக அங்கே என்ன கிடந்தது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பூச்சியைக் கண்ணால் பார்க்காமலே பெயர் சொல்லிவிடலாம்.

இந்தப் பாடம் எனக்குப் புத்தகத்தில் வந்ததில்லை. பெரம்பூரில் வளர்ந்தேன். அப்பா பின்னி மில்லில், அதாவது பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில், நெசவுப் பிரிவில் இருந்தார். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்த மில்லின் காக்கித் துணியில் தைத்த கால்சட்டைகள் இருந்தன. அதே பின்னி நிர்வாகத்தின் பெங்களூர் உல்லன் மில்லில் நெய்த கம்பளி ஒன்றும் இருந்தது. ஒரு மழைக்காலம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது கம்பளி சல்லடையாகியிருந்தது. அதன் மேலும் கீழும் மடித்து வைத்திருந்த காக்கியில் ஒரு கீறல் இல்லை. அம்மா காக்கிதான் கெட்டித் துணி என்றார். கெட்டி, மெலிசு என்பதல்ல காரணம். காக்கி பருத்தி, கம்பளி ஆட்டு ரோமம். கம்பளியைத் தின்ற புழுவுக்குப் பருத்தி உணவே அல்ல.

துணியை அரிக்கும் அந்தின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் இருக்கிறது. ஆட்டு ரோமம், நம் தலைமுடி, நகம், பறவை இறகு, விலங்கின் கொம்பு எல்லாம் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் பூட்டுப் போட்டது போல இறுக்கி வைத்திருக்கின்றன. பெரும்பாலான உயிர்களால் அதைச் செரிக்க முடியாது. பூனை விழுங்கும் ரோமம் செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. இந்தப் புழுவின் குடலோ கடுமையான காரத்தன்மை கொண்டது, ஆக்சிஜன் மிகக் குறைந்தது. அங்கே அந்தப் பூட்டு உடைகிறது. பெரும்பாலான உயிர்களுக்கு வேண்டாத உணவைத் தின்னக் கற்றுக்கொண்ட உயிர் இது. காட்டில் இதன் வேலை பறவைக் கூட்டில் உதிர்ந்த இறகையும் செத்த விலங்கின் ரோமத்தையும் துப்புரவாக்குவது. இதைப் போன்ற சில உயிர்கள் இல்லாவிட்டால் அவையெல்லாம் மட்காமல் குவிந்து கிடக்கும். உங்கள் மாமனாரின் ஸ்வெட்டரைச் செத்த ஆட்டிலிருந்து பிரித்தறிய அதற்குத் தெரியாது.

தின்பது புழு மட்டும்தான். சிறகு முளைத்து வெளியே வந்த அந்து எதையும் தின்பதில்லை. அதற்கு உண்ணும் வாயுறுப்புகள் சரியாக வளர்வதே இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துச் சில வாரங்கள் வாழ்ந்து, இணை சேர்ந்து, பெண் நாற்பது ஐம்பது முட்டைகளை நூலிழைகளுக்கு நடுவே ஒட்டிவைத்துவிட்டுச் செத்துப்போகிறது. ஆகவே பறக்கிற ஒன்றை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இங்குமங்கும் படபடப்பது பெரும்பாலும் ஆண். முட்டை சுமக்கும் பெண் பறக்கச் சோம்பி, மடிப்புக்குள் ஓடி ஒளியும்.

உலகெங்கும் பேசப்படும் துணி அந்துகள் இரண்டு. ஒன்று டினியோலா பிசெலியெல்லா. வைக்கோல் நிறம், பொன்னிறப் பளபளப்பு, தலையில் செம்பட்டை முடி போல ஒரு குஞ்சம், சிறகில் புள்ளி எதுவும் கிடையாது. இதன் புழு தின்னும் இடத்திலேயே பட்டு நூலால் குழாய் போலவும் விரிப்பு போலவும் வலை பின்னிவைக்கும். மற்றொன்று டினியா பெல்லியோனெல்லா, லின்னேயஸ் 1758இலேயே பெயர் வைத்த பழைய எதிரி. சற்று மங்கிய பழுப்பு, முன்சிறகில் கரும்புள்ளிகள். வயதான அந்தில் செதில் உதிர்ந்து புள்ளியும் மறைந்துவிடும். இதன் புழு வலை விரிப்பதில்லை. தின்னும் துணியின் இழையையே கத்தரித்து, பட்டு நூலால் தைத்து, தனக்கு ஒரு சட்டை போட்டுக்கொண்டு அதைச் சுமந்துகொண்டே நடக்கும். பச்சைச் சால்வையில் வளர்ந்தால் பச்சைக் கூடு. பிறகு சிவப்பு மப்ளருக்கு மாறினால் கூட்டின் நுனியில் சிவப்புப் பட்டை சேரும். எச்சம்கூடத் துணியின் சாயத்திலேயே இருக்கும். அதனால்தான் பலர் அதை நூல் தூசி என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் வகைக்கு மிதமான சூடுதான் ஒத்துக்கொள்ளும். நம் கத்திரி வெயில் அதற்குத் தாங்காது. கூடு சுமக்கும் வகைக்கு ஈரப்பதம் வேண்டும், கடற்காற்று வீசும் நம் பேட்டைகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. வடசென்னை வீடுகளிலிருந்து எனக்கு வந்த உல்லன் துணிகளில் நான் கண்டவை பெரும்பாலும் கூடு சுமக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

இரண்டுமே சிறியவை. சிறகை மடித்து உட்கார்ந்தால் ஓர் அரிசியின் நீளம்தான் இருக்கும். இரண்டும் வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும். இது உங்கள் கேள்வியில் ஒரு முடிச்சை அவிழ்க்கிறது. டியூப்லைட்டைச் சுற்றிப் பறப்பவை துணி அந்து அல்ல. அவை அரிசி அந்து, அல்லது தானியத்தின் வேறு அந்து. நம் மொழியில் அந்து என்ற சொல்லே முதலில் நெல்லைக் கெடுக்கும் பூச்சிக்கு உரியது. துணிப் பூச்சிக்குப் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. அரிசி டப்பாவையும் ரவைப் பொட்டலத்தையும் திறந்து பாருங்கள். அரிசிகள் நூலால் பின்னிக் கட்டியாகக் கிடந்தால் அதுதான் பிறந்த வீடு. கட்டிப்போனதைக் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி நன்றாகக் காயவைத்து, புதிய அரிசியை இறுக மூடும் பாத்திரத்தில் வையுங்கள். பீரோவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

சுவரில் நகரும் விதைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், எனக்கோ இது மிகவும் பிடித்த உயிர். பூசணி விதை அளவு, நடு அகன்று இரு நுனியும் குறுகிய தட்டையான பை. மணல், சுண்ணாம்புத் தூள், நூல் பிசிறு, ஒட்டடை எல்லாம் சேர்த்துப் பட்டு நூலால் ஒட்டியது. ஒரு சென்டிமீட்டருக்கு முன்பின் நீளம் இருக்கும். இரண்டு முனையிலும் வாசல். ஒரு வாசலை விரலால் மறித்தால் உள்ளேயே திரும்பி மறு வாசல் வழியாகத் தலையை நீட்டி, பையை இழுத்துக்கொண்டு எதிர்த் திசையில் போகும். இது ஃபெரியோயிகா என்ற பேரினம். துணி அந்துக்கு ஒன்றுவிட்ட உறவு, ஒரே குடும்பம். ஆனால் இதற்குப் பிடித்த உணவு பழைய சிலந்திவலை. அதோடு உதிர்ந்த முடி, செத்த பூச்சி, பல்லி விட்டுப்போன மிச்சம். கம்பளி கைக்கு எட்டினால் தின்னும்தான், ஆனால் அதைத் தேடி பீரோவுக்குள் போகும் அவசரம் அதற்கு இல்லை. பருத்தியைத் தொடாது. குழந்தையைக் கடிக்காது.

இது உங்கள் சுவரில் நிறைய இருந்தால் அந்தச் சுவர் மூன்று செய்திகள் சொல்கிறது: இங்கே ஈரம் இருக்கிறது, ஒட்டடை இருக்கிறது, மூலையில் முடியும் தூசியும் சேர்ந்திருக்கிறது. பழைய பேட்டை வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, அதற்குப் பிறகு பல மாதங்கள் என்னிடம் வந்த கேள்விகளில் பாதி இந்தச் சாம்பல் பையைப் பற்றியதுதான். மருந்து தெளிக்க வேண்டாம். ஒட்டடைக் குச்சியால் மேல்மூலைகளைச் சுத்தம் செய்யுங்கள், பைகளை ஒரு காகிதத்தில் வழித்து எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மாதம் ஒருமுறை ஒட்டடை அடித்தால் தானாகக் குறைந்துவிடும். எதிர்பார்த்த ஒட்டடை கிடைக்காவிட்டால் அது பெருகுவது கடினம்.

துணி அந்தின் கூட்டையும் இந்தப் பையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். துணிக்கூடு உருளை வாக்கில், துணியின் நிறத்தில், துணியின் மேலேயே இருக்கும். இது தட்டை, சாம்பல், சுவரில் இருக்கும்.

ஸ்வெட்டரை இப்போது கையில் எடுங்கள். ஓட்டைகள் எங்கே இருக்கின்றன? கழுத்துப் பட்டி, அக்குள், கை நுனி, காப்பி சிந்திய மார்புப் பகுதி — இங்கேயெல்லாம் அதிகமாக இருந்தால் எனக்கு வியப்பில்லை. சுத்தமான கம்பளியை மட்டும் தின்று இந்தப் புழு நன்றாக வளர முடியாது. வைட்டமினும் உப்பும் வேண்டும். அவை நம் வியர்வையிலும் எச்சிலிலும் சிந்திய சாப்பாட்டிலும் இருக்கின்றன. "ஒரே ஒருநாள்தான் போட்டேன், துவைக்க என்ன இருக்கிறது" என்று ஊட்டியிலிருந்து வந்ததும் மடித்து வைக்கும் ஸ்வெட்டர் புழுவுக்குச் சமைத்து வைத்த சாப்பாடு. நம் ஊரில் உல்லன் துணிக்கு இதுதான் பெரிய சாபம்: வருடத்தில் நான்கு நாள் போடுகிறோம், முந்நூற்று அறுபது நாள் இருட்டில் அசையாமல் வைக்கிறோம். தினமும் எடுத்து உதறிப் போடும் துணியில் இந்தப் பூச்சி நிலைக்காது.

ஓட்டையைச் சுற்றி நூலாம்படையோ துணி நிறத்துக் கூடோ இருந்தால் அந்து. எதுவுமே இல்லாமல், தனித்தனியாகத் துப்புரவான ஓட்டைகளும், பழுப்பு நிறத்தில் மயிர் சிலிர்த்த உமி போன்ற தோல்களும் கிடந்தால் அது அந்தே அல்ல, கம்பள வண்டு. தோலை உரித்து உரித்து வளரும் அதன் புழு அந்த உமிகளை விட்டுப்போகும். வளர்ந்த வண்டு கடுகை விடச் சற்றுப் பெரியது, உருண்டை, முதுகில் புள்ளிக் கோலம். பூந்தாதைத் தேடி ஜன்னலுக்கு வரும். ஜன்னல் கட்டையில் செத்துக் கிடக்கும் புள்ளி வண்டுகளை இனிமேல் பெருக்கித் தள்ளிவிடாமல் ஒருமுறை உற்றுப் பாருங்கள். இந்தப் புழுவின் மயிர் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். கொசுக்கடி என்று நினைத்துக்கொள்வார்கள். பட்டுத் துணியை விரும்பித் தின்பதிலும் அந்தை விட இதுதான் முந்தி.

ஆனால் உங்கள் பட்டுப்புடவையை எந்தப் பூச்சியும் தொட்டதாகத் தெரியவில்லை. மடிப்பு வழியே நேர்கோட்டில் கீறல் என்கிறீர்கள். பூச்சி கோடு பார்த்துத் தின்பதில்லை. பல வருடம் ஒரே மடிப்பில், மேலே பத்துப் புடவைகளின் கனத்தோடு கிடந்தால் பட்டு இழை அந்த மடிப்பில் நைந்துபோகும். கனத்த ஜரிகை உள்ள இடத்தில் இன்னும் சீக்கிரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். பழைய மல்லு வேட்டியில் சுற்றி வைப்பது நம் பாட்டிமார் செய்த நல்ல வழக்கம். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

பருத்தி நைட்டி, சட்டைக்கும் துணி அந்து பொறுப்பல்ல. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துணி என்றால் ராமபாணப் பூச்சியையும் கரப்பானையும் பாச்சையையும் சந்தேகப்படுங்கள். அவற்றுக்கு வேண்டியது கஞ்சியும் சாப்பாட்டுக் கறையும். அதை நக்கியும் சுரண்டியும் எடுக்கும்போது துணியும் சேர்ந்து போகிறது. மேற்பரப்பு முதலில் மெலிந்து, பிறகு ஒழுங்கற்ற ஓட்டையாகும். ராமபாணம் வெள்ளி நிறத்தில் மீன் குட்டி போல வழுக்கி ஓடும், பீரோவின் அடித்தட்டில் விரித்த பழைய செய்தித்தாளைத் தூக்கினால் பார்க்கலாம். அந்தத் தாளை எடுத்துவிடுங்கள், எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள். வயிற்றுப் பக்கத்தில் மட்டும் குண்டூசி அளவில் கொத்தாக ஓட்டைகள் இருந்தால் அது சமையல் மேடை விளிம்பும் ஜீன்ஸ் பொத்தானும் உரசி உரசி வந்தது. தெறித்தது போல ஓட்டைகள் சிதறியிருந்தால் கழிவறை ஆசிட்டையோ இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீரையோ நினைத்துப் பாருங்கள்.

எந்தத் துணி என்று தெரியவில்லையென்றால் ஓர் எளிய வழி: உள்தையலிலிருந்து நான்கு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, குழந்தை இல்லாத இடத்தில் தீயில் காட்டுங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. நாம் நடைபாதைக் கடையில் உல்லன் என்று வாங்கும் ஸ்வெட்டர்களில் பல இந்தக் கடைசி வகை. அவற்றை அந்து தீண்டாது. அவற்றுக்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. கம்பளியும் பாலியெஸ்டரும் கலந்தது என்றால் பாலியெஸ்டர் இழையையும் சேர்த்துப் புழு கடித்துத் தள்ளும்.

இதற்குமேல்தான் முக்கியமான கேள்வி: ஸ்வெட்டருக்கு அந்து எங்கிருந்து வந்தது? பீரோவுக்குள் மட்டும் தேடினால் திரும்பத் திரும்ப வரும்.

உங்கள் மொட்டை மாடியிலோ பக்கத்து மாடியிலோ புறாக் கூண்டு இருக்கிறதா? நம் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் புறா வளர்ப்பு எத்தனை பேருக்கு உயிர் என்பது எனக்குத் தெரியும். அந்தப் புறாக்களின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் துணி அந்துக்கும் கம்பள வண்டுக்கும் பிறந்த ஊர் பறவைக் கூடு. உதிர்ந்த இறகும் செத்த குஞ்சும் எச்சமும் சேர்ந்த கூண்டின் அடித்தளத்தில் அவை தலைமுறை தலைமுறையாக வாழும். அங்கிருந்து வென்டிலேட்டர் வழியாக வீட்டுக்குள் வரும். கூண்டைத் தட்டோடு எடுத்துக் கழுவி, இறகைக் கூட்டி அள்ளும் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. யாரும் வளர்க்காத மாடப்புறா ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் கட்டி விட்டுப்போன கூடு அதைவிட மோசம், ஏனென்றால் அதை யாரும் சுத்தம் செய்வதில்லை. குஞ்சு பறந்துபோன பிறகு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கூட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து எடுத்துப் போடுங்கள். கூண்டுக்காரர்கள் மூட்டையாக வாங்கி வைக்கும் சோளத்திலும் கம்பிலும் தானிய அந்து பிறக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். உங்கள் டியூப்லைட் விருந்தாளிகளில் சிலர் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

புறா இல்லையென்றால் வீட்டுக்குள் கெரட்டின் தேடுங்கள். பாட்டியின் சவுரி முடி எங்காவது டப்பாவில் இருக்கிறதா? ஒரு வீட்டில் மூன்று வருடம் அந்தைத் தேடி அலைந்து, கடைசியில் பரண் மேல் பவுடர் டப்பாவுக்குள் கூடு கூடாகக் கிடந்த சவுரியில் கண்டுபிடித்தோம். பூஜை அறையில் மயிலிறகு, மான் தோல்? நடனம் கற்ற பெண்ணின் ஒட்டுச்சடை? ஹார்மோனியப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் கம்பளித் துண்டு? பீரோவின் அடியில் சீப்பிலிருந்து விழுந்து உருண்டு சேர்ந்த முடிப் பந்து? அலமாரிக்குப் பின்னால் செத்துக் காய்ந்த பல்லியோ எலியோ? இலவம்பஞ்சுத் தலையணையைச் சந்தேகப்பட வேண்டாம், அது மரத்தில் காய்த்தது.

இனிச் சுத்தம் செய்யும் வேலை. வெயில் அடிக்கும் ஒருநாள் பீரோவை முழுக்கக் காலி செய்யுங்கள். உல்லன் துணிகளை மாடியில் கொண்டுபோய் உள்புறம் திருப்பி உதறி, கழுத்துப் பட்டி மடிப்பையும் தையல் ஓரத்தையும் பைகளின் அடியையும் கெட்டியான பிரஷ்ஷால் தேயுங்கள். முட்டை உதிர்வதும் புழு நசுங்குவதும் இந்தத் தேய்ப்பில்தான். துவைக்கக்கூடியதைத் துவையுங்கள், மற்றதை டிரை கிளீனிங் கொடுங்கள். அதில் முட்டை, புழு, அந்து எல்லாம் சாகும். காலி பீரோவின் மூலைகளையும் தட்டு இணையும் இடுக்குகளையும் வாக்குவம் கிளீனரால், இல்லையென்றால் ஈரத் துணியைக் குச்சியில் சுற்றி, துடைத்தெடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே துணியைத் திரும்ப அடுக்க வேண்டும். சுவரோடு ஒட்டிய பீரோவை நான்கு விரல் தள்ளி வையுங்கள், பின்னால் காற்று போகட்டும்.

துவைக்கவும் முடியாது, டிரை கிளீனிங்கும் வேண்டாம் என்றால் குளிர்ப்பெட்டி இருக்கிறது. ஸ்வெட்டரைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து எடுத்து இறுகக் கட்டி, ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் முட்டையும் தப்பாது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள்; பை முழுவதும் அறைச் சூட்டுக்கு வரும் வரை ஒருநாள் விட்டுவிடுங்கள். உடனே பிரித்தால் நம் காற்றின் ஈரம் அத்தனையும் துணியில் வேர்த்துவிடும். கத்திரி வெயிலில் கறுப்புப் பாலிதீன் பைக்குள் கம்பளியைப் போட்டு மொட்டை மாடித் தளத்தில் நாள் முழுக்கப் புரட்டிப் புரட்டி வைப்பதும் பலன் தரும். பையின் நடுப்பகுதி வரை சூடு ஏற வேண்டும், ஒரு மடிப்பு குளிர்ந்திருந்தாலும் புழு அங்கே பதுங்கிவிடும். பட்டுத் துணியை இப்படி வெயிலில் வைக்கவே கூடாது.

வேப்பிலையைப் பற்றிக் கேட்பீர்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் நம் முன்னோர் ஓலைச்சுவடிக்கும் துணிக்கும் வைத்தவை. விரட்டும் குணம் அவற்றுக்கு உண்டு. ஆனால் துணிக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை அவை கொல்லாது. பச்சை வேப்பிலையைப் பறித்து அப்படியே புடவை மடிப்புக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஈரத்தையும் பூஞ்சையையும் கறையையும் கொண்டுவரும். சருகாகக் காயவைத்து, பொடித் துணியில் முடிச்சுக் கட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழந்தை உள்ள வீட்டுக்கு இது போதும்.

அந்துருண்டை ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. அதன் ஆவி பூச்சியைக் கொல்ல வேண்டுமென்றால் காற்றுப் புகாத பெட்டிக்குள் பல நாள் அடர்ந்து நிற்க வேண்டும். தினமும் பத்துத் தடவை திறந்து மூடும் பீரோவில் அது நிற்பதில்லை; கதவிடுக்கு வழியாக உங்கள் படுக்கையறைக்குத்தான் வருகிறது. பூச்சிக்குப் போதாமலும் குழந்தைக்கு அதிகமாகவும் இருக்கும் மருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் நாஃப்தலீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. என் வீட்டில் நான் அதை வாங்குவதில்லை.

சுத்தம் செய்து முடித்த பிறகும் மூன்று மாதம் கவனித்துப் பாருங்கள். சூடும் ஈரமும் உணவும் கிடைத்தால் முட்டையிலிருந்து அந்தாக இரண்டு மாதம் போதும். உணவு குறைந்தால் புழு அப்படியே ஒரு வருடத்துக்கு மேலும் இழுத்துக்கொண்டு கிடக்கும். ஆகவே முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருநாள் உல்லன் துணியை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து உதறினால், துணி நிறத்தில் கூடோ பொடியோ விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

மாமனாரின் ஸ்வெட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். ஏழெட்டு ஓட்டைதானே, டார்னிங் செய்பவர்கள் அதே நிற இழையைக் கோத்து ஓட்டை இருந்த இடம் தெரியாமல் அடைத்துத் தருவார்கள். கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வார ஃப்ரீசர் வேலையை மட்டும் முடித்துவிடுங்கள். அந்தச் சின்னக் கடையில் ஊரார் கோட்டும் சால்வையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.